ப்ராக்ஸியை உள்வலை முகவரியோடு கட்டுங்கள்

அலுவலகக் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று கோரிக்கைகளைக் கடத்தும் மென்பொருளான ஸ்க்விட் ப்ராக்ஸியை நிறுவியதும், அதன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் இணைப்பை ஏற்கும் வாசல் எண்ணைக் குறிக்கும் போர்ட் வரியில் 3128 என்ற எண்ணை மட்டும் எழுதி விட்டுவிடாமல், 192.168.1.10:3128 என்பதுபோல அலுவலக உள்வலை முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். எண் மட்டும் இருந்தால் ஸ்க்விட் அக்கணினியின் எல்லா முகவரிகளிலும் இணைப்பை ஏற்கக் காத்திருக்கும். இணையத்தை நோக்கிய முகவரியும் அதில் அடங்குவதால், யார் ப்ராக்ஸியைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அனுமதி விதிகளில் ஒரு வரி பிசகினாலே வெளியார் உங்கள் இணைப்பின் வழியே உலவத் தொடங்கிவிடுவார்கள், அவர்கள் செய்யும் தவறுக்கான பழியும் உங்கள் ஐபி முகவரி மேல்தான் விழும். அந்த விதிகளில் எல்லாரையும் மறுக்கும் விதி கடைசி வரியாக இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நெட்வொர்க் கார்டுடன் ரவுட்டருக்குப் பின்னால், உள்வலை முகவரி மட்டுமே கொண்டு இருக்கும் கணினிக்கு இதனால் பெரிய பயன் இல்லை. மதுரை நகருக்குள் அலுவலகமும் கப்பலூர் தொழிற்பேட்டையில் பட்டறையுமாக இயங்கும் நிறுவனங்கள், பட்டறைக் கணினிகளை விபிஎன் (இணையத்தின் ஊடே இரு இடங்களையும் ஒரே உள்வலைபோல இணைக்கும் பாதுகாப்பான தடம்) வழியாக இணைத்த பிறகே இதைச் செய்யவேண்டும். இல்லையேல் அங்கிருந்து ப்ராக்ஸியை எட்டவே முடியாது.