பிஎச்பியில் கடவுச்சொல்லிலிருந்து சாவி: 32 கேட்டால் 16 கிடைக்கும் இடம்

ஏஇஎஸ்-256 (AES-256) குறியாக்கத்துக்கு 32 பைட், அதாவது 256 பிட் சாவி வேண்டும்; பயனர் தருவதோ ஒரு கடவுச்சொல். அதிலிருந்து சாவியை வடித்தெடுக்க பாஸ்வேர்டு ஹேஷ் (password_hash) செயற்கூறைப் பயன்படுத்தாதீர்கள். அது ஒவ்வொரு முறையும் புதிய சால்ட் (கடவுச்சொல்லோடு கலக்கும் தற்செயல் பைட்டுகள்) போட்டு வேறு விடை தரும். லாகின் சரிபார்ப்புக்கு மட்டுமே உதவும்.

முதலில் ரேண்டம் பைட்ஸ் (random_bytes) செயற்கூறு மூலம் 16 பைட் சால்ட் எடுங்கள். இது ரகசியமல்ல, குறியாக்கிய தரவின் தொடக்கத்திலேயே சேர்த்துச் சேமியுங்கள். அது தொலைந்தால், சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் கோப்பு திறக்காது.

அடுத்தது, கடவுச்சொல்லையும் சால்ட்டையும் பலமுறை கலக்கிச் சாவி வடிக்கும் ஹேஷ் பிபிகேடிஎஃப்2 (hash_pbkdf2) செயற்கூறு. அல்காரிதம் எஸ்எச்ஏ256, சுற்றுகள் 6,00,000. நீளம் 32 என்று கொடுத்துவிட்டு, ஆறாவது அளவுருவான பைனரியை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. அப்போது வருவது 32 ஹெக்ஸ் (பதினாறடிமான) எழுத்துகள். ஒரு ஹெக்ஸ் எழுத்தில் இருப்பது 4 பிட்தான். ஆகவே உங்கள் சாவியின் உண்மையான பலம் 256 அல்ல, 128 பிட். நீளத்தை அளந்து பார்த்தாலும் 32 என்றே காட்டும், பிழைச்செய்தி வராது. நீளத்தை 0 என விட்டால் 64 எழுத்து வரும். குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நீட்சி பின்பாதியைச் சொல்லாமல் வெட்டிவிடும், பலம் மறுபடியும் 128 பிட். வெளியீட்டை அச்சிட்டுப் பாருங்கள்: 0 முதல் 9, ஏ முதல் எஃப் மட்டுமே தெரிந்தால் பைனரிக்கு ட்ரூ கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

பிஎச்பி 7.2 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், இதையெல்லாம் விட்டுவிட்டு சோடியம் (sodium) நீட்சியில் உள்ள ஆர்கான்2ஐடி (Argon2id) என்ற சாவி வடிக்கும் முறையையே எடுங்கள். நீளம் எப்போதும் பைட்டில்தான். சால்ட் 16 பைட் இல்லையென்றால் உடனே எக்ஸப்ஷன் எறியும். அதன் இன்டராக்டிவ் என்ற முன்வரையறுத்த அளவில் ஒரு அழைப்புக்கு 64 எம்பி நினைவகம் போகும். ஒரே நேரத்தில் 8 பேர் வந்தால் 512 எம்பி, சிறிய சர்வர் திணறும். நினைவக அளவையும் சுற்று எண்ணிக்கையையும் எண்களாகவே சால்ட்டோடு சேமியுங்கள். நாளை அவற்றை உயர்த்தினாலும் பழைய கோப்புகள் திறக்கும்.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்கு ஒன்று. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பைட் வேறு, அதனால் சாவியும் வேறு. கணினியில் பூட்டியது கைபேசியில் திறக்காமல் போக இது ஒன்றே போதும். சாவி வடிக்கும் முன், பூட்டும்போதும் திறக்கும்போதும், இன்ட்எல் (intl) நீட்சியின் நார்மலைசரில் கடவுச்சொல்லை என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் ஒரே சீரான வடிவத்துக்கு, மாற்றுங்கள். ஏற்கெனவே பூட்டிய கோப்புகள் இருந்தால், என்எஃப்சியில் திறக்காதபோது உள்ளிட்ட வடிவத்திலேயே ஒருமுறை முயன்று, திறந்ததும் புதிய சாவியில் மறுபடி பூட்டுங்கள்.