எக்செல் தரவை ஆர்-இல் ஏற்றினால் சராசரி வரவில்லையா?

ஃபைல் ஏறிவிட்டது, பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் வயதின் சராசரியைக் கேட்டால், புள்ளியியல் மென்பொருளான ஆர் 'என்ஏ' (NA, மதிப்பு இல்லை) என்று கைவிரிக்கிறது. உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவக் கிளம்பாதீர்கள். கோளாறு பெரும்பாலும் எக்செல் தாளில்தான் இருக்கும்.

படி 1: ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் கை வையுங்கள்.

படி 2: தலைப்புகள் முதல் வரிசையில் மட்டும் இருக்கட்டும். ஒன்றாக இணைத்த செல்களைப் பிரித்துவிடுங்கள். அடியில் உள்ள 'மொத்தம்' வரிசையை நீக்குங்கள். இல்லாவிட்டால் அதுவும் ஓர் ஆளாகக் கணக்கில் சேரும்.

படி 3: நேரம் பிடிப்பது இதுதான். ஏற்றிய கையோடு ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் பாருங்கள். ஆர்-ஐ இயக்கப் பயன்படும் ஆர்ஸ்டுடியோவில் 'என்விரான்மென்ட்' பகுதியில் தரவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள நீல வட்டத்தைத் தட்டினால் தெரியும். வயது எழுத்து வகையாக வந்திருந்தால், எங்கோ ஒரு செல்லில் '34 வயது' என்றோ 'தெரியவில்லை' என்றோ யாரோ அடித்திருக்கிறார்கள். சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெற்று எழுத்து) ஃபைலில் அந்த ஒரு செல் போதும், மொத்த நெடுவரிசையும் எழுத்தாகிவிடும்.

கண்டுபிடிக்க, எக்செலில் ஃபில்டர் போட்டுப் பட்டியலின் அடிக்குப் போங்கள். எழுத்து மதிப்புகள் எண்களுக்குக் கீழே ஒதுங்கி நிற்கும். எண் போலவே தெரிந்தாலும், யாரும் அலைன்மென்ட்டை மாற்றாத தாளில் அது செல்லின் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எழுத்துதான்.

பதில் இல்லாத செல்லை வெறுமையாக விடுங்கள். ஆர் அதை 'என்ஏ' என்று எடுத்துக்கொள்ளும், அதனால் சராசரி கேட்கும்போது na.rm = TRUE என்று சேருங்கள். 999 என்று நிரப்புவது 'தெரியவில்லை' என்பதைவிட மோசம். அது எண்ணாகவே ஏறும், எந்த எச்சரிக்கையும் வராது, சராசரி வயது மட்டும் எகிறும்.

படி 4: தேதிக்குப் பதில் 45292 என்று வருகிறதா? அது 2024 ஜனவரி 1. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணுகிறது. ஆர்-இல் தேதியாக மாற்றும்போது தொடக்க நாளாக 1899 டிசம்பர் 30-ஐக் கொடுங்கள். டிசம்பர் 31 அல்லவா வரவேண்டும் என்று தோன்றும். 1900 லீப் ஆண்டு இல்லை. எக்செல் அதை லீப் ஆண்டாக எண்ணுகிறது. அந்த ஒரு நாளுக்கான ஈடு இது.

படி 5: தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால், 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்த ஃபைலிலிருந்து எழுத்தை மீட்க முடியாது. மூல எக்செல் ஃபைலைத் திறந்துதான் மறுபடி சேமிக்க வேண்டும்.