போர் பண்ணும் முன் ஒரு ஸ்பூன் ஆயில்

மெக்கானிக் ‘இன்ஜினை போர் பண்ணணும்’ (தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சற்று அகலமாக்குவது) என்றால், லேத்துக்கு அனுப்பும் முன் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றி முதலில் ஆயில் இல்லாமல் அளக்க வேண்டும். பிறகு குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஆயிலை விட்டு மறுபடி.

பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆயில் சற்று நேரம் அடைக்கும். அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் அங்கேதான். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) கசிவு. போர் பண்ணினால் காசுதான் போகும்.

பேச்சிப்பாறை, கோதையாறு மலை ஏற்றத்தில் இழுவை வேண்டும் என்று நல்ல இன்ஜினை போர் பண்ணாதீர்கள். 70 மி.மீ. போரை (சிலிண்டரின் உள்விட்டம்) 0.5 மி.மீ. கூட்டினால் 1000 சிசி சுமார் 1014 சிசி ஆகும், அவ்வளவுதான். ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்ட வேறு கிராங்க் ஷாஃப்ட், அதற்கேற்ற பிஸ்டன் அல்லது கனெக்டிங் ராடு என்று செலவு நீளும். அந்தப் பணத்தில் கிளட்ச், இன்ஜெக்டர், டயர் எல்லாம் சரிபார்த்துவிடலாம்.

டீசல் வண்டியில் இந்த ஆயில் சோதனை வேண்டாம். எரியறை மிகச் சிறியது, இன்ஜினுக்கே சேதம் வரலாம். சிலிண்டரில் ஆழமான கீறல் கண்ணுக்கே தெரிந்தால் சோதனை தேவையில்லை, போர் பண்ணத்தான் வேண்டும்.