ஆயிலில் தண்ணீர்: விசைப்படகு எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் முன்

ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவுகிறீர்கள். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் கூடிப்போன காப்பி நிறத்தில் கொழகொழவென்று வருகிறது. நம் கரையில் முதல் தவறு அப்போதே நடந்துவிடுகிறது. ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டது’, அதாவது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துவிடுகிறார்கள்.

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒரே பருவத்தில் இரண்டு முறை கேஸ்கட் மாற்றினார். இரண்டு முறையும் ஒரு வாரத்துக்குள் ஆயில் மறுபடி வெளுத்தது. மூன்றாம் முறை என்னைக் கூப்பிட்டார். நான் ஹெட்டைத் தொடவில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை மட்டும் இறக்கினேன். எஞ்சினின் தண்ணீர்ப் பாதையில் தண்ணீரை நிரப்பி, எஞ்சின் கையேட்டுப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, பிஸ்டன் ஓடும் உருளைகளான லைனர்களுக்கு நேர் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வந்துவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தபோது தாள் முழுக்கக் காய்ந்திருந்தது. மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். அண்ணாந்து டார்ச் அடித்தேன். லைனரின் அடி விளிம்பில் அடுத்த சொட்டு திரண்டு நின்றது.

பல படகு எஞ்சின்களில் லைனரின் வெளிச்சுவரைத் தண்ணீர் நேரடியாகச் சூழ்ந்திருக்கும். அது சம்ப்புக்குள் இறங்காமல் காப்பவை லைனரின் அடிப்பக்கத்து ரப்பர் வளையங்கள்தான். அவை இறுகி விறைத்துப்போனால் ஹெட்டில் என்ன செய்தும் பயனில்லை.

எனவே தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எஞ்சின் ஓடும்போது குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியில் விடாமல் குமிழி வந்தால், எரிந்த வாயு உள்ளே புகுகிறது என்று பொருள். அப்போது ஹெட் கேஸ்கட்டையோ ஹெட் விரிசலையோ சந்தேகிக்கலாம். குமிழி இல்லை, சூடும் ஏறவில்லை, ஆயில் மட்டும் வெளுக்கிறது என்றால் லைனர் வளையத்தைப் பாருங்கள். தொட்டியில் ஆயில் மிதந்தால் ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரைச் சோதியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம். அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஆயிலுக்குள் திரும்பும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் லேசாக வெண்மை படிந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது ஈரக்காற்றின் வேலையாகவும் இருக்கலாம். அதற்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

ஐயம் தீர எளிய வழி உண்டு. இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் எஞ்சினை ஓட்டுவதற்கு முன் சம்ப்பின் ட்ரெயின் நட்டைச் சிறிது தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்கும், அதனால் முதலில் வருவது அதுதான். கலங்கிய ஆயிலில் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டாலும், தண்ணீர் இருந்தால் கடுகு போலப் பொரியும். வந்த தண்ணீரை நாக்கில் வைத்து உப்பு பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எஞ்சின் தண்ணீரில் கலக்கும் கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. ஒரு சொட்டைத் தகட்டில் காயவைத்துப் பாருங்கள். உப்புப் பூத்தால் கடல்நீர் செல்லும் பக்கத்தில் கோளாறு.

கடலில் சூடு ஏறியதும் வாளியில் கடல்நீரை அள்ளித் தொட்டியில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. கொதிக்கும் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். குளிர்ந்த நீர் பட்டு ஹெட் விரிசல் விடலாம். உப்பு உள்ளே ஏறி இரும்பை அரிக்கும். பிறகு கசிவு எந்தப் பக்கம் என்று உப்பை வைத்துச் சொல்லவும் முடியாது. நம் பகுதியின் உவர்ப்பான கிணற்று நீரும் வேண்டாம். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, அதில் உரிய அளவு கூலண்டும் போதும். கசிவை அடைக்கும் பொடிகள் துளையை மூடுகின்றனவோ இல்லையோ, கடல்நீரால் எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களை மூடிவிடும்.

வெளுத்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலோடு ‘இந்த ஒரு தங்கல் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) மட்டும்’ என்று போவதுதான் பெரிய ஆபத்து. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணையில் எஞ்சின் நின்றால் படகு கிழக்கே, 1974-இல் வரையப்பட்ட இந்திய-இலங்கை எல்லைக்கோட்டை நோக்கித்தான் ஒதுங்கும். அதன்பின் நேர்வது உங்கள் கையில் இல்லை. கடலில் ஆயில் வெளுத்ததைக் கண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கூட வந்த படகைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் வி.எச்.எஃப். 16-ஆம் சேனல், கரைக்கு அருகே சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல் படையின் 1554.

நின்ற எஞ்சின் மறுபடி சுற்ற மறுத்தால் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றி நீரை வெளியேற்றுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வளையம் மாற்றும் வேலை நடக்கும். அப்போது நடக்கும் பிழைகள் சிறியவை, ஆனால் செலவு வைப்பவை. பழைய வளையத்தையே திரும்பப் போடுவார்கள். பிளாக்கில் வளையம் அமரும் இடத்து அரிப்பைப் பார்க்காமல் விடுவார்கள். கையில் கிடைத்த கிரீஸைத் தடவுவார்கள். சில வகை ரப்பர் ஆயில் பட்டால் ஊதிவிடும், புத்தகத்தில் சொன்னதை மட்டும் தடவுங்கள். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் அமர்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். லைனரின் தலை பிளாக்கைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று டயல் கேஜில் அளக்காமல் ஹெட்டை மூடாதீர்கள். அந்த உயரம் குறைந்தால் புதுக் கேஸ்கட்டும் நிற்காது.

இன்னொன்று: சில எஞ்சின்களில் இரண்டு வளையங்களுக்கு நடுவே பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். வாட்டர் பம்ப்பின் அடியிலும் ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அங்கிருந்து சொட்டி முன்கூட்டியே எச்சரிக்கும். எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அவற்றைப் பூசி மூடிவிடுகிறார்கள். சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைத்தவர்களும் உண்டு. போக வழியில்லாத தண்ணீர் பிறகு ஆயிலுக்குள்தான் இறங்கும். துளையைக் கம்பியால் குத்தித் திறந்துவையுங்கள்.

வேலை முடிந்ததும் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பாரமில்லாமல் அரை மணி நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். வடிவது இன்னும் கலங்கலாக இருந்தால் இன்னொரு முறை கழுவுங்கள். ஃபில்டரை மாற்றி நல்ல ஆயில் ஊற்றுங்கள். முதல் இரண்டு தங்கல்களுக்கு, கிளம்பும் முன் ட்ரெயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்த்துவிட்டே கயிற்றை அவிழுங்கள்.