மொகஞ்சதாரோ ரிப்போர்ட்ட வச்சு எழுதறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

ப்ராஜெக்ட்டுக்குன்னு மொகஞ்சதாரோ அகழாய்வு ரிப்போர்ட்ட தூக்கிட்டு வர்ற பசங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் விழறாங்க, படிக்கிற காலத்துல நானும் விழுந்த அதே இடம். வருஷத்த மாத்தி எழுதறதெல்லாம் விடுங்க, கைடு திருத்திடுவார்.

ஆழம் வேற, காலம் வேற

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல். அங்க தோண்ட ஆரம்பிச்ச காலத்துல தொல்லியல் துறைக்கு தலைவரா இருந்த மார்ஷலோட 1931 ரிப்போர்ட், அவருக்கப்பறம் தோண்டுன மெக்கேயோட 1938 ரிப்போர்ட், ரெண்டுலயும் பொருளுக்குப் பக்கத்துல இத்தனை அடின்னு போட்டிருக்கும், அது ஒரு நிலையான புள்ளிலேர்ந்து மட்டமா அளந்த ஆழம். உடனே நம்மாளு ரெண்டும் 10 அடி, அப்ப ரெண்டும் ஒரே காலம்னு எக்ஸெல்ல சார்ட் போட்டுடுவான். ஊரு என்ன மட்டமாவா இருந்துச்சு? ஒரு தெரு மேடு, ஒரு தெரு பள்ளம், இடிஞ்ச வீட்டு மேலயே புது வீடு, நடுவுல எவனோ குப்பைக்குழி வெட்டிருப்பான், அதுல விழுந்த புதுச்சட்டி பல தலைமுறை பழைய தரைக்கும் கீழ போய் உக்காந்துருக்கும். தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இந்த அடிக்கணக்க நம்பி முழு சாப்டரையும் திரும்ப எழுதுனா. அடிய பாக்கறதுக்கு முன்னாடி எந்த ஏரியா, எந்த வீடு, எந்த ரூம், அங்க தரை எங்க இருக்குன்னு பாருங்க, ரிப்போர்ட்லயே குடுத்திருப்பாங்க.

1944ல தொல்லியல் துறைக்கு தலைவரா வந்த வீலர் இந்த மட்டமா ஆழம் அளக்கற முறையத்தான் திட்டித் தீர்த்தார், மண்ணடுக்கு எப்படி சாயுதோ அதே மாதிரி போய் தோண்டணும்னார், 1945ல புதுச்சேரி பக்கம் நம்ம அரிக்கமேட்டுல மாணவர்களுக்கு அப்படித்தான் ட்ரெயினிங். காமெடி என்னன்னா, மொகஞ்சதாரோவுல அங்கங்க கிடைச்ச எலும்புக்கூடுகள ஒண்ணா சேர்த்து கடைசி படுகொலைன்னு சொல்லி, 1947ல ஆரியர்களோட வேத தெய்வம் இந்திரன் மேல, அதாவது படையெடுத்து வந்த ஆரியர்கள் மேல, பழி போட்டதும் அவரேதான். 1964ல அமெரிக்க தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் பழைய பதிவுகள கிளறி, எல்லாம் ஒரே காலத்து எலும்புன்னு எப்படி சொல்றீங்க, கோட்டை மேட்டுல ஒரு உடம்பு கூட இல்லையேன்னு கேட்டார். படுகொலைக் கதை மட்டும் இன்னும் ப்ராஜெக்ட்ல வருது, படிக்கிறப்பல்லாம் பேனாவ தூக்கிப் போடணும் போல இருக்கும்.

எல்லாம் மார்ஷல் தோண்டுனதா?

இல்ல. ஹரப்பா 1921 தயாராம் சாஹ்னி, மொகஞ்சதாரோ 1922 ஆர்.டி. பானர்ஜி. 1924 செப்டம்பர்ல உலகத்துக்கு அறிவிச்சது மார்ஷல்.

தானியக் கிடங்கு

மொகஞ்சதாரோவுல இருக்கற ஒரு பெரிய கட்டடத்துக்கு வீலர் வச்ச பேரு. உள்ள தானியம் கிடைக்கல.

தேதி

மார்ஷல் போட்ட கி.மு. 3250–2750ஐ அப்படியே காப்பி அடிக்காதீங்க, அது கார்பன் டேட்டிங் வர்றதுக்கு முன்னாடி மெசபடோமியாவோட ஒப்பிட்டுப் போட்டது. நகர காலத்துக்கு இப்ப சொல்றது சுமார் கி.மு. 2600–1900.