ஒரே பையில் உப்பும் போனும்: மலை ஏறிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கம்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ஏலக்காட்டு ஜீப்பில் பதினோரு வருடமாகப் போய் வருகிறேன். லோயர் கேம்ப் தாண்டும்வரை புழுக்கம். கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குமுளிக்கு வந்தால் கண்ணாடி முழுக்கப் பனி. ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறுவதற்குள் மாநிலமும் மாறிவிடும், வானிலையும் மாறிவிடும். கணக்குப்பிள்ளை வேலை என்பதால் நான் சுமப்பது கொஞ்சம்தான்: போன், பவர் பேங்க், டார்ச், மடக்குக் கத்தி, வாட்ச், குடை. இதில் எத்தனை கெட்டுப்போனது, எப்படிக் கெட்டது என்று எண்ணிப் பார்த்தால் மழையில் போனது குறைவுதான். வீட்டுக்கு வந்தபின் செய்ததாலும் செய்யாமல் விட்டதாலும் போனதே அதிகம்.

முதலில் உப்பு. மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து உப்புப் பொட்டலம் இல்லாமல் யாரும் காட்டுக்குள் இறங்குவதில்லை. நானும் ஒரு பொட்டலத்தைப் பேன்ட் பையில் போட்டுக்கொள்வேன், அதே பையில் போன். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கசியும் என்பது ஊறுகாய் போடுகிற எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் உறைக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் போனைச் சார்ஜில் போட்டதும் ‘ஈரம் இருக்கிறது, ஒயரைக் கழற்றவும்’ என்று திரையில் வந்தது. சும்மா சொல்கிறது என்று தள்ளிவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் பார்த்தால் சார்ஜிங் பின்னுக்குள் பச்சை பிடித்திருந்தது.

உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதில் மின்னோட்டமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளின் உலோகம் கரைந்து அரித்துப்போகும். ஈரம் மட்டும் இருந்திருந்தால் தப்பித்திருக்கும், சார்ஜ் போட்டதுதான் கொன்றது. வியர்வையிலும் உப்பு உண்டு, அதனால் சட்டைப்பையும் பத்திரமில்லை. அந்த எச்சரிக்கை வந்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டு, துளை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் லேசாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், அந்தச் சூடு உள்ளே இருக்கும் ஒட்டுப்பசையை இளக்கிவிடும்.

அரிசியும் வேண்டாம். நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைப்பது நம் பக்கம் சாங்கியம் மாதிரி ஆகிவிட்டது. என்னோடு ஜீப்பில் வரும் ஓர் அக்கா இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்: “அரிசி அவ்வளவு ஈரம் இழுக்கும்னா, மழைக்காலத்துல மூட்டையில கெடக்கறதே ஊறிப் பொங்கியிருக்கணுமே தம்பி!” 2024-இல் ஆப்பிள் நிறுவனமும் தன் உதவிப் பக்கத்தில் அரிசியில் வைக்காதீர்கள் என்று எழுதியது. அரிசித் தூள் உள்ளே போய்ச் சேதம் செய்யலாம் என்பது காரணம். ஆனாலும் அக்கா சொன்ன காரணமே எனக்குப் பிடித்திருக்கிறது.

‘ஐபி68 போட்டிருக்கிறதே, தண்ணீர் புகாதே’ என்று அப்புறம் கேட்பார்கள். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் குறியீடு அது: முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 68-க்கு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். சோதிப்பது புதுப் பொருளை, அசையாத நல்ல தண்ணீரில். சோப்பு நுரை, உப்பு, வெந்நீர் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. நம் போனோ இரண்டு முறை ஜீப் படியிலிருந்து விழுந்திருக்கும். சட்டம் ஒரு நூலளவு வளைந்தாலும் ஓரத்துப் பசை விட்டுவிடும். தண்ணீர் பட்டுக் கெட்டால் பொதுவாக வாரண்டியும் கிடையாது. உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர் சிவந்திருப்பதைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாட்சில் ‘30 மீட்டர்’ என்றிருப்பதும் இதே கதைதான். முப்பது மீட்டர் ஆழத்துக்கு நீந்திப் போகலாம் என்று பொருளில்லை. கை கழுவலாம், தூறலில் போகலாம், அவ்வளவே. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அதைச் சாயங்காலமே கடைக்குக் கொண்டுபோங்கள், வெயிலில் காயட்டும் என்று விட்டால் முள் துருப்பிடிக்கும்.

டார்ச் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அதிகாலையில் யானை நடமாட்டம் உள்ள இடம், வெளிச்சம் நடுவில் போகக்கூடாது. டார்ச்சுக்குச் சந்தையில் விற்கும் 18650 என்ற சார்ஜ் செல் சிலவற்றில் ‘9900 எம்ஏஎச்’ என்று அச்சிட்டிருப்பார்கள், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு அது. பதினெட்டு மில்லிமீட்டர் விட்டமும் அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தச் செல்லில் 3500 இருந்தாலே நல்ல சரக்கு. டார்ச் பெட்டியில் போட்டிருக்கும் லூமென் என்ற வெளிச்ச அளவும் முதல் சில நிமிடங்களுக்குத்தான், சூடேறியதும் டார்ச் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண பேட்டரி டார்ச் என்றால் பழைய செல்லோடு புதிய செல்லைக் கலக்காதீர்கள். பழையது முதலில் காலியாகி, மற்றது அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ள, கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். சீசன் முடிந்ததும் செல்லைக் கழற்றி வையுங்கள். எங்கள் வீட்டுப் பரணில் இப்படிக் கசிந்தே மூன்று டார்ச் போயிருக்கிறது.

பவர் பேங்கில் 10000 என்றால் போனுக்குப் போய்ச் சேருவது ஆறாயிரம் சொச்சம். ஏமாற்று இல்லை: உள்ளே செல்லின் 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு, வெளியே வருவது 5 வோல்ட், மாற்றும்போது சூடாகவும் கொஞ்சம் போகும். பெரிய தவறு, அதை ஜீப் டேஷ்போர்டில் வெயிலில் விடுவது. லித்தியம் செல்லுக்குச் சூடுதான் எமன். உப்பிப்போன பவர் பேங்கைக் குத்திப் பார்க்காமல் ஓரங்கட்டுங்கள். மலைப்பாதையில் இந்தப் பக்க டவருக்கும் அந்தப் பக்க டவருக்கும் நடுவே போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியை இறக்கும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் பாதி நாள் பவர் பேங்கை எடுக்கவே வேண்டியிருக்காது.

கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். கம்பத்தில் நன்றாகத்தான் மடங்கியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதைக் குமுளிக் காலைக் குளிர் சொல்லிக் கொடுத்தது. கத்தி திறக்க வரவில்லை. இப்போது தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

குடையை ஈரத்தோடு மடித்து உறையில் திணித்தால் கம்பி துருப்பிடிக்கும், இது எல்லோருக்கும் தெரிந்தும் செய்வது. பலருக்குத் தெரியாதது பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் அடிப்பாகம் கொண்ட ஷூ. விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று பெட்டியிலேயே பத்திரப்படுத்தினால் காற்றின் ஈரம் பட்டு அடிப்பாகம் தானே உதிரும். மழைக்கோட்டின் உள்பூச்சு பிசுபிசுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். போட்டு நடந்திருந்தால் தேய்ந்தாவது போயிருக்கும்.

உப்பு இப்போது ஒரு பழைய பொடி டப்பாவுக்கு மாறிவிட்டது, அந்த அக்காவின் யோசனைதான். இடுப்புக் கயிற்றில் தொங்குகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பைகளைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் துடைத்துச் சுளகில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைக்கிறேன். சுளகைக் கேட்டு வீட்டில் தினமும் சண்டை. இந்த வாரம் சந்தையில் இன்னொன்று வாங்க வேண்டும்.