வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் பிழை கண்டால்: புகார் முதல் திரும்பப்பெறுதல் வரை

ஒரு கட்டுரையில் தவறு இருப்பதாகத் தெரியவந்தால், அதன் முடிவை இன்னும் நம்பலாமா என்று பார்ப்பது ஆய்விதழின் பொறுப்பு. எழுதியவர் முறைகேடு செய்தாரா என்று விசாரித்து நடவடிக்கை எடுப்பது அவர் வேலைபார்க்கும் நிறுவனத்தின் பாடு. புகார் எழுதும் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட கடிதங்கள் எளிதில் கிடப்பில் போய்விடும்.

படி 1: பிழைதானா என்று உறுதிசெய்யுங்கள்

எப்போதோ தரவிறக்கிய பிடிஎஃப் கோப்பை நம்பாமல், இதழின் தளத்தில் கட்டுரையைத் திறந்து பாருங்கள். திருத்தக் குறிப்பு ஏற்கெனவே வந்திருக்கலாம். துணைக் கோப்புகளையும், வெளிவந்த கட்டுரைகளை வாசகர்கள் விமர்சிக்கும் பப்பியர் தளத்தில் யாராவது இதே ஐயத்தை எழுப்பியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். இப்போதுள்ள வடிவத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். சில இதழ்கள் அறிவிப்பே இல்லாமல் பக்கத்தைத் திருத்திவிடுவதுண்டு.

பிறகு கணக்கு. 20 பேர் 1 முதல் 5 வரை முழு எண்ணில் மதிப்பெண் தந்தார்கள், சராசரி 3.47 என்று அட்டவணை சொல்கிறது என வைத்துக்கொள்வோம். 3.47-ஐ 20-ஆல் பெருக்கினால் 69.4. முழு எண்களின் கூட்டுத்தொகை 69 ஆகவோ 70 ஆகவோதான் இருக்க முடியும். ஆகவே சராசரி 3.45 அல்லது 3.50. நடுவில் எதுவும் வராது. இதற்குக் கிரிம் சோதனை என்று பெயர். ஆனால் அவசரப்படாதீர்கள்: ஒருவர் பதில் தராமல் விட்டிருந்தாலோ, பல கேள்விகளின் சராசரியைத்தான் ஒருவரின் மதிப்பெண்ணாக எடுத்திருந்தாலோ இந்தக் கணக்கு மாறிவிடும்.

படங்களில் தேட வேண்டியது, ஒரே படம் திருப்பியோ கவிழ்த்தோ வேறு தலைப்பில் வந்திருக்கிறதா என்பதை.

படி 2: யாருக்கு எழுதுவது?

சாதாரணக் கவனப்பிசகாகத் தெரிந்தால் முதலில் தொடர்புக் கட்டுரையாளருக்கு, அதாவது கட்டுரை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு, எழுதலாம். தரவைப் புனைந்திருக்கிறார்கள் என்ற ஐயம் வலுவாக இருந்தால் நேரே இதழாசிரியருக்கு எழுதுங்கள். கட்டுரையாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மூலத் தரவு ‘தொலைந்துபோக’ வாய்ப்புண்டு.

படி 3: கடிதம்

ஒரு பக்கம் போதும். கட்டுரைத் தலைப்பு, டிஓஐ எண் (கட்டுரைக்கென்று உள்ள நிலையான இணைய அடையாள எண்), எந்த அட்டவணை, எந்த வரிசை, அச்சிலிருக்கும் எண், இருக்க வேண்டிய எண், இதனால் எந்த முடிவு ஆட்டம் காண்கிறது. ‘மோசடி’, ‘பித்தலாட்டம்’ போன்ற சொற்களை எழுதாதீர்கள். அந்தச் சொல் விழுந்ததும் பதிப்பகத்தின் சட்டப் பிரிவு உள்ளே வந்துவிடும். ‘இந்த இரண்டு எண்களும் பொருந்தவில்லை, விளக்க முடியுமா?’ என்ற கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

படி 4: உள்ளே என்ன நடக்கிறது?

பல இதழ்கள் கோப் என்ற பதிப்பு நெறிமுறைக் குழுவின் வழிகாட்டு வரைபடங்களைப் பின்பற்றுகின்றன. இதழாசிரியர் கட்டுரையாளரிடம் விளக்கமும் மூலத் தரவும் கேட்பார். பதில் திருப்தியில்லை என்றால் அவருடைய நிறுவனத்தை விசாரிக்கச் சொல்வார். இங்கேதான் வண்டி நிற்கும். தன் ஆள் மீதே விசாரணை நடத்த எந்த நிறுவனமும் அவசரப்படுவதில்லை. மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-இல் ‘லான்செட்’டில் வந்தது, முழுதாகத் திரும்பப்பெறப்பட்டது 2010-இல். அதே இதழில் 2020 மே 22 அன்று வந்த, கோவிட் நோயாளிகளுக்குத் தந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரை ஜூன் 4 அன்றே திரும்பப்பெறப்பட்டது. தரவை வைத்திருந்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் அதைத் தணிக்கைக்குத் தர மறுத்ததால், மற்ற மூன்று கட்டுரையாளர்களே திரும்பப்பெறக் கேட்டுக்கொண்டார்கள். கட்டுரையாளர்களே ஒப்புக்கொண்டால் வேலை எவ்வளவு விரைவில் முடியும் என்பதற்கு இது சான்று.

படி 5: வரும் அறிவிப்பைப் படிக்கும் முறை

முடிவு நிற்கிறது, சில எண்கள் மட்டும் தவறு என்றால் திருத்தக் குறிப்பு வரும். விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது, அதுவரை வாசகர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றால் ஐய அறிவிப்பு. முடிவையே நம்ப முடியாது என்றால் திரும்பப்பெறுதல். நேர்மையான பிழைக்கும் திரும்பப்பெறுவதுண்டு என்பதால், அறிவிப்பைப் பார்த்ததும் ஆளைச் சந்தேகிக்க வேண்டாம். ஆய்வு சரியாக இருந்து, பெயர் வரிசைதான் தகராறு என்றால் பொதுவாகத் திரும்பப்பெற மாட்டார்கள்.

நல்ல அறிவிப்பில் காரணமும், திரும்பப்பெறுவது யார் என்பதும் இருக்கும். கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும். மூலக் கட்டுரையை அழிக்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையிட்டு வைத்திருப்பார்கள். ‘கட்டுரையாளர் வேண்டுகோளின்படி’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் எதையோ மூடுகிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

படி 6: பதிலே வராவிட்டால்

சில வாரங்கள் கழித்து நினைவூட்டுங்கள். பிறகு தலைமை ஆசிரியர், அதன்பின் பதிப்பகம். அதுவும் பலிக்காமல், இதழ் கோப் உறுப்பினராகவும் இருந்தால் அங்கே முறையிடலாம். ஆனால் கட்டுரை சரியா தவறா என்று கோப் பார்க்காது; இதழ் புகாரை முறைப்படி கையாண்டதா என்று மட்டுமே பார்க்கும்.

உங்கள் மேற்கோள் பட்டியலையும் ஒருமுறை அலசிவிடுங்கள். மேற்கோள்களைத் தொகுத்து வைக்க உதவும் சோட்டிரோ மென்பொருள், ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத் திரும்பப்பெற்ற கட்டுரைகளைத் தானே சுட்டிக்காட்டும். அப்படி ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ‘திரும்பப்பெறப்பட்டது’ என்று பக்கத்திலேயே எழுதி, அறிவிப்பின் டிஓஐ எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.